புள்ளி மறைந்த பின் நோய் எங்கே போகிறது? வீட்டுக் கடல் மீன் தொட்டியில் தனிமைப்படுத்தலும் சிகிச்சையும்

நீல டேங் மீனின் வால் துடுப்பில் முதல் புள்ளி தென்படும்போது அதை நோய் என்று நினைக்கத் தோன்றாது. தீனியின் துகள் ஒட்டியிருக்கிறது என்றோ, மணல் கிளம்பிப் படிந்திருக்கிறது என்றோதான் எண்ணுவோம். கண்ணாடியோடு முகத்தை வைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால், பொடியுப்பின் ஒரு பரல் அளவுக்கு, அரை மில்லிமீட்டரே இருக்கும் வெள்ளை மேடு ஒன்று தெரியும். மறுநாள் அது ஐந்தாறாகும். மீன் பாறையில் விலாவைத் தேய்த்துக்கொண்டு போகும். பிறகு நான்காம் நாளிலோ ஐந்தாம் நாளிலோ, எந்த மருந்தும் போடாமலேயே, புள்ளிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிடும். மீன் பழையபடி தீனிக்கு ஓடி வரும். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதியாக இருக்கும். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு காலையில் விளக்கைப் போட்டால், அந்த மீனின் உடம்பெங்கும் ரவையைத் தூவினாற்போல் வெண்புள்ளிகள் நிறைந்திருக்கும். பக்கத்தில் நீந்தும் மீன்களிலும் இருக்கும்.

என் முதல் கடல் தொட்டியில் இதே வரிசையில்தான் எல்லாம் நடந்தது. இடைப்பட்ட நாள்களில் நான் தீனியில் பூண்டுச் சாறு கலந்து கொடுத்துவந்தேன். புள்ளிகள் மறைந்ததைப் பூண்டின் வெற்றி என்று முழுமனதாக நம்பினேன். இரண்டாம் முறை நோய் வந்தபோது அந்த டேங் மீனையும் இரண்டு கோமாளி மீன்களையும் ஒரே வாரத்தில் இழந்தேன். புள்ளி மறைவது குணமாவதன் அடையாளம் அன்று, ஒட்டுண்ணி தன் அடுத்த கட்டத்துக்குப் போயிருப்பதன் அடையாளம் என்பதை அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. கடல் மீன் நோய்களில் எந்த மருந்து என்ற கேள்விக்கு முன்னால் எத்தனையாவது நாள் என்ற கேள்வி நிற்கிறது. தனிமைப்படுத்தல் என்பது அந்த நாள் கணக்கை நம் கைக்குக் கொண்டுவரும் ஏற்பாடு.

மீன்மேல் இருப்பது ஒரு வாரம் மட்டுமே

கடல்நீர் வெண்புள்ளி நோய்க்குக் காரணம் கிரிப்டோகாரியன் இரிட்டான்ஸ் என்ற ஒரு செல் உயிரி. 1951-இல் பிரவுன் என்ற ஆய்வாளர் இதற்கு இப்பெயரை இட்டார். நன்னீர் மீன்களுக்கு வரும் வெண்புள்ளி நோயும் கண்ணுக்கு இதே போலத்தான் இருக்கும். ஆனால் அதை உண்டாக்கும் உயிரி வேறு. தங்க மீனும் ஏஞ்சலும் வளர்த்துப் பழகியவர்கள் கடல் தொட்டிக்கு வரும்போது, தண்ணீரைச் சூடாக்கு, கல்லுப்புப் போடு என்ற பழைய வைத்தியத்தையும் உடன் கொண்டுவருகிறார்கள். கடல்நீரில் உப்புக்குப் பொருளே இல்லை. சூடேற்றினால் ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுற்று வேகமெடுக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறையும். 30 டிகிரி செல்சியஸில் கடல்நீர் லிட்டருக்கு 6 மில்லிகிராமைச் சற்றே தாண்டிய ஆக்சிஜனைத்தான் தாங்கும். செவுள் புண்ணாகி மூச்சுக்குத் தவிக்கும் மீனுக்கு அந்தக் குறைவு பெரிய இழப்பு.

நாம் காணும் வெள்ளைப் புள்ளி, தோலின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் பொருள் அன்று. உயிரி மேல்தோலுக்கு அடியில் புகுந்து, மீனின் செல்களைத் தின்றபடி அங்கேயே சுழன்றுகொண்டிருக்கும். அதைச் சுற்றி மீனின் தோல் தடித்து மேடாகும். தண்ணீரில் கலந்த மருந்து இந்தக் கட்டத்தில் அதைத் தொடாமல் போவதும், சுத்தம் செய்யும் இறால்கள் அதைக் கொத்தி எடுக்க முடியாமல் போவதும் இதனால்தான். 3 முதல் 7 நாள் வரை தின்று கொழுத்த பின் அது மீனை விட்டு வெளியேறும். வெளியேறுவது பெரும்பாலும் இருட்டில். தொட்டியின் தரையில் சில மணி நேரம் ஊர்ந்து, பாறை, மணல், கண்ணாடி, குழாய், நத்தையின் ஓடு என்று கிடைத்த இடத்தில் ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிக் கெட்டியான கூடு ஒன்றைக் கட்டிக்கொள்ளும். எந்த மருந்தும் நுழையாத அந்தக் கூட்டுக்குள் அது பிரிந்து பிரிந்து பெருகும். ஒரு கூட்டிலிருந்து 200 வரை புதிய உயிரிகள் பொரித்து வரக்கூடும்.

அவை வெளிவருவதும் இருட்டிலேயே. மீன்கள் பாறை இடுக்கில் அசையாமல் உறங்கும் நேரம் அது. முதல் நாள் இரவில் எந்த இடுக்கில் மீன் படுத்திருந்ததோ அதே இடுக்கில்தான் ஒட்டுண்ணி உதிர்ந்தது. அங்கேயே கூடு கட்டியது. இப்போது பொரித்து வருபவற்றுக்கு மேலேயே அந்த மீன் மறுபடியும் படுத்திருக்கிறது. நீந்தித் திரியும் இந்தக் குஞ்சு உயிரிகளுக்கு ஆயுள் மிகக் குறைவு. முதல் சில மணி நேரத்துக்குள்ளாகவே மீனைப் பற்றும் திறன் குறையத் தொடங்கும். ஓரிரு நாள்களுக்குள் மீன் கிடைக்காவிட்டால் மடிந்துவிடும். விரிந்த கடலில் இவற்றில் பெரும்பகுதி அப்படித்தான் மடிகிறது. அதனால் பவளப்பாறையில் வாழும் மீன்கள் ஒன்றிரண்டு புள்ளிகளோடு ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றன. 200 லிட்டர் தொட்டியிலோ எல்லாவற்றுக்கும் மீன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கடலில் சிறு தொல்லையாக இருப்பது வீட்டில் கொள்ளைநோயாவது இந்த இடநெருக்கத்தால்தான்.

கூடு பொரிக்க எத்தனை நாள் என்பதுதான் இந்தக் கதையின் முடிச்சு. எல்லாக் கூடுகளும் ஒரே நாளில் பொரிப்பதில்லை. குறைந்த அளவு 3 நாள். பெரும்பாலானவை முதல் சில வாரங்களில் பொரித்துவிடும். ஆனால் 72 நாள் வரை தாமதித்த கூடுகளும் ஆய்வில் பதிவாகியிருக்கின்றன. ஒரே மீனிலிருந்து ஒரே இரவில் உதிர்ந்தவையே வெவ்வேறு வாரங்களில் பொரிக்கும். இரண்டு மாதம் எந்தப் புள்ளியும் இல்லாத தொட்டியில் திடீரென நோய் தலைகாட்டுவதற்கும், இந்த நோய் எல்லாத் தொட்டியிலும் எப்போதும் இருக்கிறது என்ற தவறான நம்பிக்கை பரவியதற்கும் இது ஒரு காரணம். ஒட்டுண்ணி வெறும் தண்ணீரிலிருந்து பிறப்பதில்லை. மீனோடோ, வேறு தொட்டியிலிருந்து வந்த ஈரமான ஏதோ ஒன்றோடோ அது உள்ளே வந்தாக வேண்டும்.

தனித் தொட்டி ஏன்

மேலே சொன்ன கட்டங்களில் மருந்துக்கு வசப்படுவது ஒன்றுதான்: கூட்டை விட்டு வெளிவந்து, மீனை அடையும் முன் நீந்தித் திரியும் அந்தச் சில மணி நேரம். தண்ணீரில் மருந்து இடைவெளியின்றிப் பல வாரம் இருந்தால், எந்தக் கூடு எந்த நாளில் பொரித்தாலும் வெளிவந்தவை சாகும். இதற்கு நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் மருந்து செம்பு. அதே செம்பு பவளம், கடல் சாமந்தி, இறால், நத்தை, நண்டு அனைத்துக்கும் நஞ்சு. இவை எதுவும் இல்லாத, மீன் மட்டுமே உள்ள தொட்டியிலும் செம்பைப் போடுவது வீண்வேலைதான். பாறையும் பவள மணலும் சுண்ணாம்புப் பொருள் என்பதால் செம்பை இழுத்துக்கொள்ளும். காலையில் போட்ட அளவு மாலையில் இருக்காது. இழுத்துக்கொண்டதைப் பின்னால் எப்போது விடும் என்றும் சொல்ல முடியாது. பவளத்துக்கும் பாதுகாப்பானது என்று எழுதி விற்கப்படும் புட்டிகளை நான் நம்புவதில்லை. நீந்தும் ஒரு செல் உயிரியை உறுதியாகக் கொல்லும் ஒன்று, இறாலையும் பவளத்தையும் விட்டுவைப்பது அரிது.

ஆகவே மீன் அனைத்தையும் பிடித்து வெளியே கொண்டுவர வேண்டும். புள்ளி உள்ள மீனை மட்டும் அன்று, அனைத்தையும். ஒன்றை விட்டாலும், செவுளுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டுண்ணியைச் சுமந்து அது சுற்றை ஓட்டிக்கொண்டிருக்கும். பாறைகளைக் கலைத்து, பாதித் தண்ணீரை இறைத்து, இரவு விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து வலையோடு நின்று பிடிக்கும் வேலை இது. மனம் சலிக்கும். நோய் வரும் முன்பே புதிய மீனைத் தனியே வைத்திருந்தால் இந்த வேலையே வந்திருக்காது என்பது அந்த இரவில்தான் உறைக்கும்.

தனித் தொட்டிக்கு அழகு தேவையில்லை. 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் உள்ள வெறும் கண்ணாடித் தொட்டி, இரண்டு மூன்று சிறிய மீன்களுக்குப் போதும். மணலும் பாறையும் கூடாது. மீன் ஒளிந்துகொள்ளப் பிளம்பிங் கடையில் கிடைக்கும் பிவிசி எல்போக்கள் சிலவற்றைப் போடலாம். மணலில் புதைந்து உறங்கும் ராஸ் வகை மீனாக இருந்தால் ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பாவில் மட்டும் சிலிக்கா மணல் வைக்கலாம். ஏர் பம்ப், ஸ்பான்ஜ் ஃபில்டர், ஏசி போட்ட அறையானால் ஹீட்டர், மேலே இறுக்கமான வலை மூடி. புது இடத்தில் மீன் துள்ளும். மூடியில்லாத தொட்டியின் அருகே தரையில் காய்ந்து கிடக்கும் மீனைக் கண்ட காலையை மறக்க முடியாது. மின்வெட்டு உள்ள பகுதிகளில் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வைப்பது மருந்து வாங்குவதைவிட முக்கியம்.

தொட்டியை எங்கே வைப்பது என்பதையும் யோசிக்க வேண்டும். வெல்வெட் என்ற மற்றோர் ஒட்டுண்ணி நோயின் கிருமிகள், காற்றுக் குமிழ் உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளின் வழியே அடுத்த தொட்டிக்குப் பரவக்கூடும் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2006-இல் காட்டினர். இரண்டு தொட்டிகளுக்கும் இடையில் 3 மீட்டராவது இருக்கட்டும். வேறு அறை கிடைத்தால் இன்னும் நல்லது. வலை, குழாய், வாளி எல்லாம் தனி. ஈரக்கையோடு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகக் கூடாது.

தனித் தொட்டியில் மீன் இறந்தால் பலரும் மருந்தைக் குறை சொல்கிறார்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் குற்றவாளி அமோனியா. முதன்மைத் தொட்டியில் மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவைப் பாறையிலும் மணலிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றிவிடும். புதிதாக நீர் நிரப்பிய வெற்றுத் தொட்டியில் அவை இல்லை. கடல்நீரின் பி.எச். 8.2-ஐ ஒட்டி இருப்பதால் நிலைமை இன்னும் மோசமாகிறது. கார நீரில் மொத்த அமோனியாவில் நஞ்சான வடிவத்தின் பங்கு, பி.எச். 7 உள்ள நன்னீரில் இருப்பதைவிடப் பல மடங்கு கூடும். இதற்கு எளிய வழி, முதன்மைத் தொட்டியின் சம்ப்பில், அதாவது அதோடு இணைந்த வடிகட்டும் தொட்டியில், ஒரு ஸ்பான்ஜைச் சும்மா போட்டு வைத்திருப்பது. சில வாரங்களில் பாக்டீரியா அதில் குடியேறிவிடும். புதிய மீன் வாங்கும் நாளில் அதை எடுத்துத் தனித் தொட்டியில் பொருத்தலாம். ஆனால் நோய் வந்துவிட்ட தொட்டியின் ஸ்பான்ஜில் கூடுகளும் இருக்கக்கூடும். செம்பு போடப் போகும் தொட்டியானால் அதைப் பயன்படுத்தலாம், மற்ற முறைகளுக்குக் கூடாது. அமோனியாவைக் கட்டும் திரவங்களைச் செம்போடு சேர்த்து ஊற்றக் கூடாது என்பதும் முக்கியம். அவற்றில் பல, செம்பின் வேதி வடிவத்தை மாற்றி அதை மீனுக்குக் கடும் நஞ்சாக்கிவிடும். செம்பு உள்ள தொட்டியில் அமோனியா ஏறினால், அதே அளவு செம்பு கலந்த புதிய உப்புநீரைக் கொண்டு தண்ணீர் மாற்றுவதுதான் வழி.

செம்பும் தராசும்

செம்பில் இரண்டு வகை உண்டு. நேரடிச் செம்பு அயனியாகக் கிடைக்கும் காப்பர் சல்பேட், அதாவது நம் ஊர் மயில்துத்தம், ஒரு வகை. வேறு மூலக்கூறோடு பிணைத்து மெல்லச் செயல்படும்படி செய்த தயாரிப்புகள் மற்றொரு வகை. முதல் வகைக்குச் சிகிச்சை அளவு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம். பிணைத்த வகைகளில் தயாரிப்புக்குத் தயாரிப்பு அளவு மாறும்: குப்ரமின் என்றால் 0.5, காப்பர் பவர் என்றால் 2.25 முதல் 2.5. ஒன்றுக்கான அளவை இன்னொன்றுக்குப் பொருத்தினால் ஒரு பக்கம் மீன் சாகும், மறுபக்கம் ஒட்டுண்ணி பிழைக்கும்.

மயில்துத்தம் உரக்கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்பதால் அதையே கரைத்து ஊற்றிவிடலாம் என்று எண்ணுபவர்களுக்காக ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன தொட்டியில் 26 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பினால் சுமார் 47 லிட்டர். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்றால் மொத்தம் 9.4 மில்லிகிராம் செம்பு தேவை. மயில்துத்தத்தின் எடையில் கால் பங்குதான் செம்பு. ஆக, போட வேண்டியது 37 மில்லிகிராம். சமையலறைத் தராசு காட்டும் மிகச் சிறிய எடை 1 கிராம். அந்த 1 கிராமைப் போட்டால் தண்ணீரில் செம்பின் அளவு லிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டும். சிகிச்சை அளவைப் போல் 25 மடங்குக்கும் மேல். மீன் சில மணி நேரம் தாங்கினாலே அதிகம். வயலுக்குத் தெளிக்கத் தயாரித்த பொருளில் வேறு என்னென்ன உலோகங்கள் கலந்திருக்கும் என்பதும் தெரியாது. மீனுக்கென்று தயாரித்த, செறிவு குறிப்பிட்ட கரைசலையே வாங்க வேண்டும்.

அளவுக்கு ஒரேயடியாகப் போகாமல் இரண்டு மூன்று நாளில் படிப்படியாக ஏற்றுவது மீனுக்கு நல்லது. ஏற்றிய நாளிலிருந்து 30 நாள் அந்த அளவு குறையாமல் இருக்க வேண்டும். ஒரு நாள் இரவு அளவு இறங்கிவிட்டால், அந்த இரவில் பொரித்தவை மீனைப் பற்றியிருக்கும். கணக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நேரடிச் செம்பு அயனி, காரத்தன்மையுள்ள கடல்நீரில் வீழ்படிவாகித் தானாகவே குறைந்துகொண்டிருக்கும். அதைத் தினமும் இருமுறை அளந்து ஈடுசெய்ய வேண்டும். பிணைத்த வகை இதைவிட நிலையானது, வீட்டில் பயன்படுத்த ஏற்றது. இரண்டு நீல நிறங்களுக்கு இடையே வேறுபாடு தேடும் வண்ண அட்டைச் சோதனையை நம்பி இந்த வேலையில் இறங்குவது கடினம். எண்ணில் காட்டும் டிஜிட்டல் கருவிக்குச் செலவிடுவது வீண் அன்று. குள்ள ஏஞ்சல் வகைகள், பேத்தை மீன்கள், மாண்டரின் போன்றவை செம்பைச் சரியாகத் தாங்குவதில்லை. சுறா, திருக்கை இனங்களுக்கு அது ஆகவே ஆகாது. மற்ற மீன்களும் முதல் சில நாள் தீனியைக் குறைக்கும். தின்பதை முற்றிலும் நிறுத்திய மீனுக்குச் செம்பை மேலும் ஏற்றாமல் ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பதே நல்லது.

மருந்தில்லாத வழி

ஒட்டுண்ணியின் நாள் கணக்கை வைத்தே, ஒரு துளி மருந்தும் இல்லாமல் மீனைக் காக்கும் முறை ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். மீனை 72 மணி நேரத்துக்கு ஒருமுறை, முற்றிலும் புதிய தண்ணீரும் காய்ந்த உபகரணங்களும் உள்ள வேறு தொட்டிக்கு மாற்றுவார்கள். முதல், நான்காம், ஏழாம், பத்தாம், பதின்மூன்றாம் நாள்களில் மாற்றம். மீனை விட்டு உதிர்ந்தது கூடு கட்டிப் பொரிக்கக் குறைந்தது 3 நாள் வேண்டும். அதற்குள் மீன் அங்கே இருக்காது. தோலுக்கடியில் இருப்பது 7 நாளுக்குள் உதிர்ந்தாக வேண்டும். அவை உதிர்ந்த தொட்டிகள் எல்லாம் பின்னால் விடப்பட்டுவிட்டன. புதிதாக எதுவும் மீனைப் பற்ற வாய்ப்பில்லாததால் பதின்மூன்றாம் நாள் மீன் தூய்மையாக இருக்கும். இதற்கு இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகளும் இரண்டு ஏர் பம்புகளும் போதும்; ஒன்றில் மீன் இருக்கையில் மற்றொன்றைக் கழுவி வெயிலில் முற்றிலும் உலர்த்த வேண்டும். நம் ஊர் மாடி வெயில் இந்த ஒரு காரியத்துக்கு மிகவும் உதவும். செம்பு இல்லாததால் அமோனியா கட்டும் திரவத்தையும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒரு நிபந்தனை: 72 மணி என்றால் 72 மணிதான். அலுவலகம் முடிந்து வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று 80 மணியாக்கினால் முறை உடைந்துவிடும்.

உப்பின் அளவைக் குறைப்பது மற்றொரு வழி. கடல் மீனின் உடல் திரவத்தின் உப்பு, கடல்நீரின் உப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே தண்ணீரின் ஒப்படர்த்தியை (நன்னீரை 1 எனக் கொண்டு கணக்கிடும் அடர்த்தி) 1.009 வரை இறக்கினாலும் மீன் தாங்கிக்கொள்ளும். நீந்தும் நிலையிலும் கூட்டிலும் உள்ள ஒட்டுண்ணி தாங்காது. 1.009 என்பது நூலிழை அளவு, 1.012-இல் நின்றுவிட்டால் சிகிச்சை நடந்ததாகச் சொல்ல முடியாது. முள் ஆடும் மலிவான ஹைட்ரோமீட்டரை விட்டுவிட்டு, சரிபார்த்த ரிஃப்ராக்டோமீட்டரால் அளக்க வேண்டும். இறக்குவதை ஓரிரு நாளில் செய்யலாம். நான்கு வாரத்துக்குப் பின் ஏற்றும்போது ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டும். குறைந்த உப்பையும் தாங்கும் ஒட்டுண்ணி வகைகள் கண்டறியப்பட்டிருப்பதால், இதை இரண்டாவது தேர்வாகவே வைத்துக்கொள்கிறேன்.

எல்லாப் புள்ளியும் ஒன்றல்ல

இதுவரை சொன்ன கணக்கெல்லாம் நோய் வெண்புள்ளிதான் என்ற உறுதியின் மேல் நிற்கிறது. வெல்வெட் என்றால் நிலைமை வேறு. அமைலூடினியம் ஓசெல்லேட்டம் என்ற ஒட்டுண்ணியால் வரும் இந்த நோய் முதலில் செவுளைத் தாக்குகிறது. புள்ளி தோன்றும் முன்பே மீன் தின்பதை நிறுத்தும், வெளிச்சத்தைத் தவிர்க்கும், மூச்சு வேகமெடுக்கும், பம்ப்பின் நீரோட்டத்துக்கு எதிரே முகம் வைத்து நின்றுகொண்டிருக்கும். அறை விளக்கை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் உடம்பின் மேல் மாவு பூசினாற்போல், சற்றே பொன்னிறமான மிக நுண்ணிய தூசு தெரியும். வெண்புள்ளியை எண்ணலாம், வெல்வெட்டை எண்ண முடியாது. இதன் ஒரு கூட்டிலிருந்து 256 வரை புதிய உயிரிகள் வரும். கண்டுபிடித்த இரண்டு மூன்று நாளில் தொட்டியே காலியாகிவிடும். உப்பைக் குறைப்பது இதனிடம் எடுபடாது. 72 மணி மாற்று முறையையும் இதற்கு நம்ப முடியாது. செம்புதான், அதுவும் உடனே.

செம்பு ஏறும்வரை மீனுக்கு மூச்சு விடச் சிறிது நேரம் வாங்கித் தருவது நன்னீர்க் குளியல். ஆர்.ஓ. தண்ணீரைத் தொட்டியின் வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, ஆப்பசோடா கரைத்துப் பி.எச்.-ஐ 8.2-க்கு ஏற்றி, நன்றாகக் காற்றடித்து, அதில் 5 நிமிடம் மீனை விட வேண்டும். பக்கத்தை விட்டு நகராமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்; மீன் புரண்டால் அந்த நொடியே எடுத்துவிட வேண்டும். உப்பில்லாத நீரை உறிஞ்சி, மேலே ஒட்டியுள்ள உயிரிகளில் ஒரு பகுதி வெடித்து உதிரும். இது குணமாக்கும் சிகிச்சை அன்று. ஆனால் ஒன்றைத் தெளிவாகக் காட்டிவிடும்: குளியல் முடிந்த பின் கறுப்பு வாளியின் அடியில் எள்ளளவு வெள்ளைச் செதில்கள் கிடந்தால் அவை தட்டைப்புழுக்கள். அவற்றுக்குச் செம்பு பயன்படாது; பிராசிகுவான்டெல் என்ற புழுமருந்து வேண்டும். முட்டைகள் மருந்துக்குச் சாகாமல் பின்னால் பொரிக்கும் என்பதால், ஒரு வாரத்துக்குள் இரண்டாம் முறையும் கொடுக்க வேண்டும்.

கோமாளி மீனின் தோலில் கஞ்சி உறைந்தாற்போல் வழவழப்பு தடித்துத் தொங்கினால் அது புரூக்ளினெல்லா என்ற ஒட்டுண்ணி. இதற்கும் செம்பு பயனற்றது. ஃபார்மலின் குளியல் வேண்டும். புற்றுநோய் உண்டாக்கும் வேதிப்பொருள் அது; கையுறையோடு, திறந்த வெளியில், அனுபவம் உள்ளவரின் துணையோடு மட்டுமே கையாள வேண்டும். துடுப்பில் காலிஃபிளவர் போல் வெள்ளைக் கட்டி வந்து, மீன் நன்றாகத் தின்றுகொண்டிருந்தால் அது பெரும்பாலும் லிம்ஃபோசிஸ்டிஸ் என்ற வைரஸ் நோய். அதற்கு மருந்தும் இல்லை, பெரும்பாலும் தேவையும் இல்லை, தானாக உதிரும். இதற்கெல்லாம் சேர்த்து ஏதோ ஓர் ஆன்டிபயாடிக்கைத் தண்ணீரில் கொட்டுவது ஒட்டுண்ணியை ஒன்றும் செய்யாது. ஸ்பான்ஜில் உள்ள நல்ல பாக்டீரியாவைத்தான் கெடுக்கும்.

கடையிலிருந்து வரும் மீன்

கோமாளி மீன் போன்ற சிலவற்றை இப்போது செயற்கையாக இனப்பெருக்கம் செய்கிறார்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையமும் இதில் வெற்றி கண்டது. ஆனால் டேங், ஏஞ்சல், பட்டாம்பூச்சி மீன் என்று கடையில் நிற்பவற்றில் பெரும்பாலானவை கடலில் பிடிக்கப்பட்டவை. பல கைகள் மாறி, பட்டினியோடு வருபவை. பண்ணையில் பிறந்த மீனானாலும், கடையில் எல்லாத் தொட்டிகளுக்கும் ஒரே தண்ணீர் சுற்றும் அமைப்பில் ஒரு வாரம் நின்றால் அடுத்த தொட்டியின் நோய் அதற்கும் வந்திருக்கும். சில கடைகள் அந்தத் தண்ணீரில் குறைந்த அளவு செம்பை எப்போதும் வைத்திருக்கின்றன. நோயைக் கொல்ல அது போதாது. அடக்கி வைக்கப் போதும். மீன் பளபளவென்று இருக்கும். வீட்டுக்கு வந்து செம்பில்லாத நீரில் விட்ட சில நாளில் புள்ளி எழும். கடையில் நன்றாக இருந்ததே என்று வாங்கியவர் திகைப்பது இதனால்தான். கடையில் இருவாரம் நின்ற மீன் என்பதைத் தனிமைப்படுத்தலுக்கு ஈடாகக் கொள்ளக் கூடாது.

நீண்ட தூரம் பையில் வந்த மீனைத் தொட்டிக்கு மாற்றும்போது, சொட்டுச் சொட்டாக மணிக்கணக்கில் பழக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். பைக்குள் மீன் விடும் மூச்சால் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும்; அதனால் சேர்ந்துள்ள அமோனியா நஞ்சற்ற வடிவில் அடங்கியிருக்கும். பையைத் திறந்து காற்றுப் பட்டதும் பி.எச். ஏறும், அமோனியா நஞ்சாகும். தனித் தொட்டியின் உப்பளவைப் பையின் உப்பளவுக்கு முன்கூட்டியே ஒத்துவைத்து, பையை மிதக்கவிட்டு வெப்பம் சமமானதும், மீனை மட்டும் எடுத்து விட்டுவிடுவதே பாதுகாப்பு. பைத் தண்ணீரில் ஒரு துளியும் உள்ளே போகக் கூடாது. முதல் சில நாள் மருந்து எதுவும் வேண்டாம். மீன் தின்னத் தொடங்கட்டும். நோய்க்குறி ஒன்றும் இல்லாவிட்டாலும் 30 நாள் முழுமையாக அங்கேயே இருக்க வேண்டும்.

இதற்கிடையே, மீன்களை எடுத்துவிட்ட முதன்மைத் தொட்டி பவளமும் நத்தையும் இறாலுமாக, மீனின்றி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பொரித்து வரும் ஒட்டுண்ணிக்கு மீன் கிடைக்காது; மற்ற உயிர்களை அது தாக்குவதில்லை. ஆய்வில் கண்ட 72 நாளோடு சில நாள் சேர்த்து, 76 நாள் காத்திருப்பது மீன் வளர்ப்போரிடையே பரவலான வழக்கம். வெதுவெதுப்பான நீரில் ஆறு வாரம் போதும் என்று அண்மைக்காலத்தில் சிலர் வாதிடுகிறார்கள். நான் 76 நாளையே பின்பற்றுகிறேன். வெறும் பாறையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பத்தாவது வாரத்தில் மனம் தளரும். அந்த நாள்களில் பாக்டீரியா பட்டினி கிடக்காமல் இருக்கத் துளியளவு தீனி மட்டும் போட்டுவந்தால் போதும்.

இந்த 76 நாள் கணக்கு முதுகெலும்பில்லாத உயிர்களுக்கும் பொருந்தும். மீன் உள்ள கடைத் தொட்டியிலிருந்து வாங்கிய நத்தை, சங்கு நண்டு, பவளத் துண்டு எதுவானாலும் அதன் ஓட்டிலோ அடிக்கல்லிலோ ஒரு கூடு ஒட்டியிருக்கலாம். அவற்றுக்குச் செம்பு கொடுக்க முடியாது. கழுவினாலும் கூடு போகாது. மீனே இல்லாத சிறு தொட்டியொன்றில் அவற்றைத் தனியே வைத்து, உள்ளே விட்ட தேதியைக் கண்ணாடியின் மேல் மார்க்கரால் எழுதிவிட வேண்டும். நடுவில் புதிய நத்தை ஒன்றை அதில் சேர்த்தால் பழைய தேதியை அழித்துவிட்டு, சேர்த்த நாளின் தேதியை எழுத வேண்டும்.